மீட்டர் பெட்டிச் சாவி

மைக் அணைந்துதான் இருக்கிறது. சின்னப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது, கேமராவும் அணைந்திருக்கிறது, ஆகவே நான் அலுவலகம் போகாமல் மேடவாக்கத்தில் ஒரு காலி வீட்டின் வெறுந்தரையில் மடிக்கணினிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது அழைப்பில் இருக்கும் யாருக்கும் தெரியாது. என் மேனேஜர் பிரணவ் பேசிக்கொண்டிருக்கிறார். எதிர்ப்பக்கம் கோயம்புத்தூர் மருத்துவமனைக்காரர்கள். ஊழியர்களின் வருகையையும் அனுமதிகளையும் கவனித்துக்கொள்ளும் எங்கள் மென்பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் முறை வர இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை நான் பிரணவின் குரலைக் கேட்க வேண்டும், ஆனால் காது குளியலறைப் பக்கம் போய் நிற்கிறது. சொட்டு விழுகிற சத்தம் இல்லை. அதுதான் விஷயம். சொட்டு விழுந்தால் தரை ஈரமாக இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். குழாயின் வாயைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கூரையைப் பார்த்தேன், ஒழுகிய கறை எதுவும் இல்லை. கீழே மட்டும், யாரோ கால் கழுவிவிட்டுப் போன மாதிரி, வாளியைச் சுற்றி ஈரம். பழைய ஆள் காலி செய்ததிலிருந்து வீடு பூட்டிக்கிடக்கிறது. பூட்டிய வீட்டில் ஈரம் எப்படி வரும். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருக்கலாம். மழை பெய்யவில்லை. ஓனர் வந்திருக்கலாம். ஓனர் ஓசூரில் இருக்கிறார், வருவதாக இருந்தால் ஒரு வாரத்துக்கு முன்னாலிருந்தே போன் செய்து வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பார், அப்படிப்பட்ட மனிதர். யாராவது வீடு பார்க்க வந்திருக்கலாம். ஆமாம், அது நடக்கக்கூடியதுதான், வேலைக்கு வெளியே வீடு தேடித் தருகிற நானும் தோழி அஃப்ரீனுமே அப்படித்தான் ஏற்பாடு செய்திருக்கிறோம், சாவி கீழே மீட்டர் பெட்டிக்குள் ஆணியில் தொங்குகிறது, கேட்கிறவர்களுக்கு அதைச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுவோம், வருவார்கள், திறப்பார்கள், பார்ப்பார்கள், மறுபடி மாட்டிவிட்டுப் போவார்கள். மாட்டிவிட்டுத்தான் போவார்கள். இந்த இடத்தில் நினைப்பு ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. நான் அதை மறுபடி குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஈரம். குழாய் காய்ந்திருந்தது. கூரை வெள்ளை.

இந்த வீட்டுக்குக் குடிவருகிற பொற்கொடி அக்கா இப்போது வந்துவிடுவார். பால் காய்ச்சப் பாத்திரமும் ஒரு ஒற்றை அடுப்பும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பிவிட்டதாக அழைப்பு தொடங்குவதற்கு முன்பே செய்தி அனுப்பியிருந்தார், கூடவே சிரிக்கிற முகம் ஒன்று. அந்த முகம்தான் என்னை என்னவோ செய்கிறது. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முதல் தடவை பார்த்தபோது, அவர் வேலை செய்யும் ஸ்கேன் சென்டருக்கு எதிரே இருந்த டீக்கடையில், கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே பேசினார். விட்டு வந்த புருஷன் இதற்கு முன் இருந்த இரண்டு வீட்டுக்கும் வந்துவிட்டானாம். அடிப்பானா என்று அஃப்ரீன் கேட்டாள், அவள் எதையும் நேராகக் கேட்டுவிடுவாள். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அவன் சத்தமே போடமாட்டான் மேடம். கதவைக்கூட மெதுவாத்தான் தட்டுவான். அக்கம்பக்கத்துல எல்லாரும் எவ்ளோ நல்ல மனுசன்னு என்னைத்தான் திட்டுவாங்க" என்றார். அதற்கு மேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அதற்கு மேல் கேட்டது அவர்தான். பூட்டை மாற்றித் தருவீர்களா என்று கேட்டார். எங்கள் வலைப்பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது, ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் பூட்டும் மாறும் என்று. தருவோம் என்றேன். நான்தான் சொன்னேன். அஃப்ரீன் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். தெரியாதவர்கள் முன்னால் வாயே திறக்காத நான், கல்லூரியில் வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்கிய நான், அந்த ஒரு வார்த்தையை மட்டும் தடங்கல் இல்லாமல் சொன்னேன். இரண்டு வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைத்தானே பழகுகிறேன்.

இருக்கு என்று சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரம் பிரணவ் சொல்லிக்கொடுத்தது அது. வாங்க வந்தவர் ஒரு வசதி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கு என்று சொல்ல வேண்டும், கொஞ்சம்கூடத் தயங்கக் கூடாது. இல்லாவிட்டாலும் அது வரப்போகிறதுதானே, அவர் கையெழுத்துப் போட்டு, பணம் கட்டி, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து முடிப்பதற்குள் நம் ஆட்கள் கட்டிவிடுவார்கள், அப்போது நாம் சொன்னது உண்மையாகிவிடும், கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை, அவ்வளவுதான். நான் முதலில் கூசினேன். பிறகு பழகிவிட்டது. என் கூச்சமே அதற்கு உதவியது, மெதுவாகத் தலையைக் குனிந்து சொல்கிற பெண் பொய் சொல்லமாட்டாள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். உன் மூஞ்சியை வைத்துக் கப்பலையே விற்கலாம்டி என்பாள் அஃப்ரீன். அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவள் வாணியம்பாடி. வீடு தேடிய நாட்களில் அவளிடம் எல்லா வாசலிலும் முதலில் பெயரைக் கேட்டார்கள், பிறகு வீடு நேற்றே முடிந்துவிட்டது என்றார்கள். என்னிடம் இசக்கியம்மாளா, பேரே பயமா இருக்கேம்மா, எந்தப் பக்கம், வீட்டில் என்ன ஆளுங்க என்று கேட்டார்கள். என்னைப் பார்த்துப் பயந்த ஒரே கூட்டம் அவர்கள்தான் என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் தனியாக இருக்கும் பெண்களுக்கு மட்டும் வீடு தேடித் தருவோம் என்று ஆரம்பித்தோம். தாழ்ப்பாள் என்று பெயர் வைத்தது நான். உள்ளேயிருந்து நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்று அதன் கீழே எழுதியதும் நான். பூட்டு மாற்றுகிற வரியை எழுதியபோது எங்களிடம் ஒரு பூட்டுக்காரர்கூட இல்லை. வந்துவிடுவார் என்று இருந்தோம். வந்தார். திங்கட்கிழமை வந்து மாற்றுகிறேன் என்றார். அக்காவும் திங்கட்கிழமைதான் வருவதாக இருந்தது. ஆனால் திங்கள் அஷ்டமியாம், விடுதியில் அவர் படுக்கைக்கு வேறு பெண் வந்துவிட்டாளாம், வெள்ளிக்கிழமையே பால் காய்ச்சிவிடுகிறேன் மேடம் என்றார், அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டுவிட்டு எப்படி வேண்டாம் என்பது. ரெண்டு நாள்ல என்னடி ஆயிடப்போகுது, என் சாவியைக் கொண்டுபோய்க் குடு, உன் சீட்டுல பையை வச்சு நீ டீ குடிக்கப் போயிருக்கேன்னு சொல்லிடறேன் என்றாள் அஃப்ரீன். அதனால்தான் அவள் சாவியோடு வந்தேன். அதனால்தான் வரும்போது மீட்டர் பெட்டியைத் திறக்கவில்லை. மொத்தம் மூன்று சாவி. ஓனரிடம் ஒன்று, இது ஒன்று, கீழே ஒன்று. வீடு முடிந்ததுமே கீழே இருப்பதை எடுத்திருக்க வேண்டும். நீ எடுத்திருப்பாய் என்று அவளும், அவள் எடுத்திருப்பாள் என்று நானும் இருந்துவிட்டோம். இப்போது போய்ப் பார்க்கலாம். இரண்டு மாடிதான். இருந்தால் எடுத்துக்கொண்டு வரலாம். இல்லையென்றால். அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, நான் எழுந்து போக முடியாது.

"இசக்கி, லைன்ல இருக்கீங்களா?" பிரணவ். என் முறை வந்துவிட்டது. சிவப்புக் கோட்டை எடுத்துவிட்டு வணக்கம் சொல்கிறேன், என் குரல் காலி அறையில் மோதித் திரும்பி வருகிறது, இந்த வீட்டில் என்னைத் தவிர இன்னொருத்தி பேசுகிற மாதிரி. மருத்துவமனைக்காரர்களில் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரே ஒரு சந்தேகம்மா என்கிறார். வேலையை விட்டுப் போன ஆள் பழைய அனுமதியை வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே வர முடியுமா, அதை அன்றைக்கே வெட்டிவிடுகிற வசதி இருக்கிறதா, போன வருடம் அவர்களுக்கு அதனால் ஒரு பெரிய சங்கடம் வந்துவிட்டதாம். எங்களிடம் அது இல்லை. அடுத்த ஆண்டுக்கான திட்டத்தில் கடைசியில் இருக்கிறது. பிரணவின் முகம் சின்னக் கட்டத்துக்குள் அசையாமல் என்னைப் பார்க்கிறது. "இருக்கு சார்" என்கிறேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எதையோ குறித்துக்கொள்கிறார், ரொம்ப நிம்மதி என்கிறார். கோட்டை மறுபடி போட்டுவிட்டேன்.  வெளியே சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து காற்று திரும்பிவிட்டது, குப்பை எரிகிற வாடையும் அழுகின நீரின் வாடையுமாக உள்ளே வருகிறது, ஜன்னலைச் சாத்தலாம் என்று எழுந்து படுக்கையறைக்குப் போனபோதுதான் அவற்றைப் பார்த்தேன். ஜன்னல் திண்டில் இரண்டு திருகாணிகள். விழுந்து கிடக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில், தலை ஒரே திசையில் இருக்கும்படி வைக்கப்பட்டிருந்தன. திரும்பிக் கதவைப் பார்த்தேன். படுக்கையறைத் தாழ்ப்பாள் அதன் இடத்தில் பளபளவென்று இருந்தது, தள்ளினால் வழுக்கிக்கொண்டு போனது, ஆனால் அது போய் நுழைகிற நிலைப்பக்கத்து வளையத்தை விரலால் தொட்டதும் ஆடியது. வளையத்தைப் பிடித்திருந்த திருகாணிகள் இரண்டும் இல்லை. மரத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தது. உள்ளேயிருந்து போட்டால் போட்ட மாதிரியே இருக்கும். வெளியேயிருந்து ஒரு தள்ளு போதும். தச்சர் மறந்திருப்பார். தச்சர் வரவே இல்லையே. பழைய ஆள் கழற்றியிருக்கலாம். எதற்கு. வீடு பிடிப்பதற்கு முன் நாங்கள் எடுத்த வீடியோவில் அஃப்ரீன் இதே கதவைச் சாத்தித் தாழிட்டு, இதோ பாருங்க, யானை வந்து முட்டினாலும் திறக்காது என்று சிரித்துக்கொண்டே இழுத்துக் காட்டுவாள். அப்போது பிடித்திருந்தது. வலைப்பக்கத்தில் இன்றைக்கும் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

போனில் பேசியவர் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டார். திருகாணிகளைக் கையில் எடுத்துக்கொண்டேன், குளிர்ச்சியாக இருந்தன, அப்போதுதான் அந்தப் போன் முழுசாக ஞாபகம் வந்தது, இத்தனை நேரம் நினைப்பு நின்று நின்று போனது அந்த இடத்தில்தான் என்று தெரிந்தது. போன வாரம், சாப்பாட்டு வேளையில், அலுவலகப் படிக்கட்டில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு பேசினேன். இந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெண்ணின் பெயரில் வந்திருந்த விசாரிப்பு. கூப்பிட்டால் ஆண் குரல். வைத்துவிடலாமா என்று நினைத்தேன், ஆனால் அவ்வளவு மென்மையான குரல் அது, தொந்தரவுக்கு மன்னிச்சிக்குங்க, வொய்ஃப் பேர்ல போட்டிருக்கேன், அவங்களுக்குத்தான் வீடு என்றது. நான் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். மனைவிக்கு ஸ்கேன் சென்டரில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும், பாவம், கொஞ்சம் கோபக்காரி ஆனால் தங்கமானவள், அவளுக்குச் சொல்லாமல் ஒரு வீடு பார்த்து வைத்து ஆச்சரியப்படுத்த வேண்டும். கேட்காமலேயே தன்னைப் பற்றிச் சொல்கிற வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம், அவரை விடக் கூடாது, அது வேலையின் முதல் பாடம். நானும் விடவில்லை. அந்த ஏரியாவில் வீடு சீக்கிரம் முடிந்துவிடும் என்றேன், இதுவே முடிகிற மாதிரி இருக்கிறது, ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற ஒருவரே கேட்டிருக்கிறார் என்றேன், அப்படிச் சொன்னால் அவசரப்படுவார்கள் என்று. அவர் அவசரப்படவில்லை. எந்த சென்டர் என்றுகூடக் கேட்கவில்லை. அப்புறம், "ஒண்ணும் அவசரமில்லைங்க, நிதானமா பாத்துக்கறேன். உள்பக்கம் தாழ்ப்பாள்லாம் நல்லா இருக்குங்களா? அவளுக்கு அது முக்கியம்" என்றார். ரொம்ப நல்லா இருக்கு சார் என்று சொல்லிவிட்டு அந்தக் குறுஞ்செய்தியை அனுப்பினேன். மீட்டர் பெட்டி, இடது ஓரம், பச்சை ரிப்பன் கட்டிய சாவி. ஒரு மனுசனாவது பொண்டாட்டியின் தாழ்ப்பாளைப் பற்றி யோசிக்கிறானே என்று அஃப்ரீனிடம் பெருமையாகச் சொன்னேன். சென்னையில் எத்தனை ஸ்கேன் சென்டர். எத்தனை மனைவிகள். ஆயிரம் இருக்கும், தெருவுக்குத் தெரு இருக்கிறது, இதே மேடவாக்கத்தில் கூப்பிடு தூரத்தில் எத்தனை பலகை. மென்மையாகப் பேசுகிறவன் எல்லாம் ஒருவனாகிவிட முடியாது. நானும் மென்மையாகத்தான் பேசுகிறேன். ஆனால் தனியாக இருக்கும் ஒரு பெண்ணைத் தேடுகிறவன் எங்கே போய்த் தேடுவான். எங்கள் வலைப்பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. தனியாக இருக்கும் பெண்களுக்கான வீடுகள் எல்லாம் அதில் சிவப்புப் புள்ளிகள், தொட்டால் தெருப் பெயர் வரும், இன்னொரு முறை தொட்டால் வீடியோ வரும், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது வரைக்கும் தெரியும். அவர்கள் இதுவரைக்கும் ஊருக்குள் சிதறிக் கிடந்தார்கள். நாங்கள்தான் ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்து, ஒரே இடத்தில் சேர்த்து, விளக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

அழைப்பு முடிந்துவிட்டது. எப்போது முடிந்தது என்று தெரியவில்லை, திரையில் பிரணவ் அனுப்பிய கட்டைவிரல் மட்டும் நின்றுகொண்டிருந்தது. கீழே ஆட்டோ சத்தம், பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம், ஒவ்வொரு படியிலும் பாத்திரம் கலகலக்கிறது. பொற்கொடி அக்கா வாசலில் நின்று மூச்சு வாங்கினார். பட்டுப்புடவை மாதிரி ஒன்றைக் கட்டியிருந்தார், தலையில் கொஞ்சம் மல்லி, பையிலிருந்து பால் வைத்திருந்த கரும்பச்சைக் குடுவை எட்டிப் பார்த்தது. வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தவர் முதலில் சுவரைத்தான் தொட்டார், நோயாளியின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. ஆட்டோக்காரன் என்னைக் கல்யாணப் பொண்ணா என்று கேட்டான் மேடம், ஆமாப்பா எனக்கும் வீட்டுக்கும்னு சொல்லிட்டேன் என்று சொல்லி, நான் இதுவரை பார்க்காத அந்தச் சிரிப்பைச் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுப்பை எடுத்து வைக்க உதவினேன், தீப்பெட்டியைத் தேடிக் கொடுத்தேன், பாலை ஊற்றும்போது பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிட வேண்டும், பால் பொங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும், பொங்கிவிட்டால் இது அவர் வீடு, அப்புறம் சொல்வது இன்னும் கஷ்டம். சொன்னால் எங்கே போவார். விடுதியில் வேறு பெண் படுத்திருக்கிறாள். என் அறைக்கே கூட்டிக்கொண்டு போகலாம். என் அறை ஓனரம்மா விருந்தாளி வந்தால் கேள்வி கேட்பார், கேட்கட்டும். வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தேன். அக்கா ஒரு விஷயம். அக்கா ஒரு சின்ன விஷயம். அக்கா பயப்படாதீங்க. அவர் பாலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பூட்டு மாத்தியாச்சு இல்ல மேடம்?"

"மாத்தியாச்சுக்கா."

நான் யோசிக்கவே இல்லை. தலை தானாகவே கொஞ்சம் குனிந்தது, குரல் தானாகவே மெதுவாக வந்தது. அந்த மருத்துவமனைப் பெரியவர் போலவே அக்காவும் மூச்சை விட்டார். பால் பொங்கியது. ஒரு பக்கமாக வழிந்து அடுப்பில் பட்டுச் சீறியது, கிழக்கே வழிஞ்சுது, நல்லது என்றார். ஒரு டம்ளரில் சர்க்கரை போட்டு முதலில் எனக்குத்தான் கொடுத்தார். குடித்தேன். நாக்கு வெந்தது. திங்கட்கிழமை எல்லாம் சரியாகிவிடும், அதற்குள் என்ன, இரண்டு நாள், மூன்று நாள், அக்காவுக்கு இன்றைக்கு இரவு ஷிப்ட் வேறு இருக்கலாம், அப்புறம் அது உண்மைதான், கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை. சாவியைக் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டார். படுக்கையறைப் பக்கம் அவர் போவதற்குள் எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம், பிறகு இழுத்துப் பார்க்கும் சத்தம், இன்னொரு முறை இழுத்துப் பார்க்கும் சத்தம். வாசல் தாழ்ப்பாள் சரியாகத்தான் இருக்கிறது, அதை நான் பார்த்தேன். அதையாவது பார்த்தேன். ஆனால் அவர் வேலைக்குப் போனபின் அதை உள்ளேயிருந்து யார் போடுவார்கள். வெளியேயிருந்து பூட்டிவிட்டுத்தானே போவார். திரும்பி வரும்போது உள்ளே இருட்டாக இருக்கும். பையிலிருந்து எடுத்து இறுக்கியிருந்த கையை விரித்தபோது, திருகாணிகள் உள்ளங்கையில் பதிந்து சின்னச் சின்னப் பள்ளமாக இருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மீட்டர் பெட்டிச் சாவி அங்கேதான் இருக்கும், எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் முடிந்தது, ஓனரிடம் ஒன்று, அக்காவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, வேறு இல்லை, குளியலறை ஈரம் சாரல்தான், திருகாணி தச்சர்தான்.

மீட்டர் பெட்டியின் கதவு துரு ஏறிக் கிறீச்சிடும். இன்றைக்குக் கிறீச்சிடவில்லை. கீலில் யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள், விரலில் ஒட்டியது. உள்ளே மீட்டர்கள் வரிசையாகச் சிவப்பாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தன. இடது ஓரத்து ஆணியில் பச்சை ரிப்பன் தொங்கியது. ரிப்பன் மட்டும். முடிச்சு அவிழ்க்கப்பட்டு, கசங்காமல், நீளமாக.

மாடி ஏறினேனா ஓடினேனா தெரியவில்லை. கதவுக்கு முன்னால் நின்றபோது கை எழும்பியது, அது எப்போதும் போலத் தட்டியது, எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், விரல் முட்டியால், மெதுவாக. உள்ளே அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.  நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. அவனும் இப்படித்தானே தட்டுவான். கத்த வேண்டும், என் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும், ஆனால் வாழ்நாளில் நான் கத்தியதில்லை, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டேன். பலகையின் அந்தப் பக்கம் அவர் மூச்சுவிடாமல் நிற்பது தெரிந்தது. பால் தீய்ந்த வாடை வந்தது.

"அக்கா, நான் இசக்கி. பூட்டு மாத்தலை. நான் பொய் சொல்லிட்டேன். கீழ இருந்த சாவியும் இல்லை. திறங்க, கிளம்பிடலாம்."

 பிறகு தாழ்ப்பாளின் மேல் அவர் கை வந்து நிற்கிற உரசல். திறக்கவில்லை.

"நீங்க மட்டும்தானே நிக்கறீங்க?"

மட்டும்தான் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு, பதில் சொல்வதற்கு முன், திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தேன்.